மைக் செட் அருகில் வரவும்

1

ரீத்தா பெரியம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் படி இறங்குவதற்குள் எனக்கு போன் போட்டுவிடுவார். பின்னணியில் செருப்புத் தேடுகிறவர்களின் சத்தம் கேட்கும். நலமா, சாப்பிட்டாயா எல்லாம் பிறகுதான். முதல் கேள்வி இது:

"என்ன அப்பு, செட் ஆயிட்டியா?"

"ஆயிட்டேன் பெரியம்மா."

"நல்லா செட் ஆயிட்டியா?"

"நல்லா ஆயிட்டேன்."

"போன வாரமும் இதத்தானடா சொன்ன!"

ஒரு வருடமாக இப்படித்தான். பெரியம்மாவை விட்டால் கூடப் படித்தவர்கள், அவர்களை விட்டால் உரக்கடை அண்ணன். போன மாதம் யாரோ தவறான எண்ணுக்கு அழைத்தார். பேச்சுவாக்கில் நான் நியூசிலாந்தில் இருப்பதைச் சொன்னேன். "அப்படியா தம்பி, அங்க செட் ஆயிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

என் பெயர் லூர்துராஜ். வீட்டில் ராசு. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், தாடிக்கொம்பை ஒட்டிய அகரம் என் ஊர். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, கால் ஓரிடத்தில் தங்காமல், இங்கே ஒரு பால் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். பால் கறக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊர் என்று சொன்னால் ஒரு பெட்ரோல் பங்கு, ஒரு பள்ளிக்கூடம், மிச்சமெல்லாம் புல். வந்த வாரத்தில் அப்பாவிடம் போனில், "இங்க அம்புட்டு அமைதிப்பா. என் காது சத்தம் எனக்கே கேக்குது" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியம் பின்னால் என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

2

முதலில் அந்தச் சொல்.

எங்கள் பக்கம் 'செட்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஆயுளையே ஓட்டிவிடலாம். பிறந்த பிள்ளைக்குச் சட்டை செட். கோலி விளையாட ஆள் பிரித்தால் செட்டு சேர்வது. கூடப் படித்தவர்கள் சாகும்வரை 'நம்ம செட்டு'. தோட்டத்தில் பம்பு செட். பஞ்சாயத்தில் இரண்டு பேர் ஒரே பொய்யைச் சொன்னால் "ரெண்டு பேரும் செட்டுய்யா!" காதல் கூடினால் செட் ஆகிவிட்டது, கூடாவிட்டால் செட் ஆகவில்லை. கல்யாணத்துக்கு நகை செட், வாசலுக்கு சீரியல் செட், பந்தியில் இல்லாவிட்டாலும் ஓட்டலில் செட் தோசை. கடைசியாகப் பல் செட். அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

எங்கள் வீட்டில் இந்தச் சொல் சோறு போட்டது. அப்பா மைக் செட் வைத்திருக்கிறார். அந்தோணி என்று கேட்டால் அகரத்தில் நாலு அந்தோணிகளைக் காட்டுவார்கள். 'மைக் செட் அந்தோணி' என்றால் நேராக வீட்டுக்கே கூட்டி வருவார்கள். குஜிலியம்பாறைப் பக்கத்துக் காதுகுத்தா, நெய்க்காரப்பட்டி கல்யாணமா, எல்லாவற்றுக்கும் அப்பா போவார். நெய்க்காரப்பட்டிக்காரர்கள் மட்டும் மரியாதையாக, "ஏனுங்க, செட்டு வருங்களா?" என்று கேட்பார்கள். செட்டு என்றால் அங்கே அப்பாவும் சேர்த்திதான்.

இங்கே என் முதலாளி கெவின். ஐம்பது வயதுக்காரர், முந்நூறு மாடு, முப்பது சொல். அந்த முப்பதில் பாதி 'செட்' என்பது என் கணக்கு. அலாரத்தை செட் பண்ணு. வேலியை செட் பண்ணு. மாட்டின் மடியில் மாட்டும் நாலு கிண்ணங்கள் சேர்ந்தது ஒரு செட். கான்கிரீட் இன்னும் செட் ஆகவில்லை, மிதிக்காதே. மனைவி செய்த ஜெல்லி செட் ஆகவில்லை, பேசாமல் சாப்பிடு. சூரியன்கூட இங்கே செட் ஆகிறது. எங்கள் ஊரில் எல்லாமும் செட் ஆகும், சூரியன் மட்டும் ஆனதில்லை. அது அடையும், மறையும், விழும்.

கல்லூரியில் பரிசாகக் கிடைத்த அகராதியை எடுத்துப் புரட்டினேன். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பத்தி பத்தியாகப் போய்க்கொண்டே இருந்தது. பாதியில் தூங்கிவிட்டேன். ஆனாலும் ஒன்று புரிந்தது. இவர்கள் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டால் போதும், அது செட். நம் ஆட்களுக்கு ஒன்றோடு இன்னொன்று சேரவேண்டும். அப்படியானால் முந்நூறு மாடுகளுக்கு நடுவே ஒற்றை ஆளாக நிற்கும் நான் எதில் சேர்த்தி? பெரியம்மாவிடம் வாரா வாரம் சொல்வது உண்மையா பொய்யா?

3

உண்மையில் நான் செட் ஆவதும் ஆகாததும் ஒரு காகிதத்தில் இருந்தது.

என் ஓராண்டு அனுமதி முடியப்போகிறது. நீட்டிக்க வேண்டுமானால் ஒரு படிவத்தில் கெவின் கையெழுத்துப் போடவேண்டும். 'இந்த ஆள் எனக்குத் தேவை' என்பதுதான் பதினோரு பக்கத்தில் அதன் சாரம். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் மறு மாதமே திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு இறங்கி, "என்ன அப்பு, செட் ஆகலையா?" என்ற கேள்விக்குப் பதில் தயார் பண்ணவேண்டியதுதான்.

படிவத்தைக் கெவினிடம் கொடுத்துப் பத்து நாள் ஆகிவிட்டது. "பார்க்கிறேன்" என்றார். அந்த முப்பது சொற்களில் அதுவும் ஒன்று. நினைவுபடுத்தலாமா? நம் ஊரில் ஒரு சான்றிதழுக்கு நாலு தரம் நடந்து, தலையைச் சொறிந்து, இளித்து நின்று வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. இங்கே தலையைச் சொறிந்தால் பேனுக்கு மருந்து வாங்கித் தருவார்கள். பேசாமல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா வந்தார். ஒரு மாத விசா. அம்மா பள்ளிக்கூட ஆசிரியை, பரீட்சை நேரத்தில் விடுப்பு கிடைக்காது. "நீங்க போய் அவன் செட் ஆயிட்டானான்னு கண்ணால பாத்துட்டு வாங்க" என்று அப்பாவை மட்டும் ஏற்றிவிட்டார்.

4

விமான நிலையத்தில் எல்லாரும் வெளியே வந்தபிறகும் அப்பா வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தார், தோளில் ஒரு புனல் ஸ்பீக்கரோடு. கோயில் கோபுரத்திலும் வேப்ப மரத்திலும் கட்டுவோமே, அதே சாம்பல் நிறப் புனல். பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே ஒரு ஆம்ப்ளிஃபயரும் மைக்கும்.

"என்னப்பா இது?"

"நீதான சத்தமே இல்லாத ஊருன்ன. புள்ள எப்படி இருக்கானோன்னு எனக்கு மனசே கேக்கல. ஊருல இப்ப போலீசு புனலுக்கு விடமாட்டேங்குறாய்ங்க, பெட்டி ஸ்பீக்கர் மட்டுந்தான். சும்மா கெடந்த புனலு, ஒண்ணு எடுத்தாந்தேன்."

"உள்ள விட்டாங்களா?"

"பெரிய வெசாரணைலே. புனலுக்குள்ள குளவி மண்ணு அப்பி வச்சிருந்திருக்கு. கையுறை போட்ட புள்ள ஒண்ணு எட்டிப் பாத்துட்டு, ஏதோ குண்டு கெடச்ச மாதிரி நாலு பேரைக் கூப்பிட்டுச்சு. அப்புறம் உள்ள கொண்டுபோயி மருந்து போட்டுக் கழுவிக் குடுத்தாக. முப்பது வருசத்துல என் புனலை இம்புட்டு பளபளப்பா நான் பாத்ததில்ல. நல்ல மனுசங்க!"

பண்ணைக்குள்ளேயே எனக்கு ஒரு சின்ன வீடு. மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு கிலோமீட்டர். அப்பா உள்ளே வந்ததும் சமையலறையையோ படுக்கையையோ பார்க்கவில்லை. வெளியே போய் நின்று ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கோபுரத்தைக் கண்டுபிடித்தார். அது அவர் தொழில் பழக்கம். விசேஷ வீட்டுக்குள் நுழைந்தால் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. ஊரிலேயே உயரமான இடம் எதுவோ அங்கே ஏறிப் புனலைக் கட்டவேண்டும். மற்றதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலமே கட்டிவிட்டார்.

"அப்பா, இங்கல்லாம் போடக்கூடாது."

"போடலலே. கட்டி மட்டும் வைக்கிறேன். கட்டாமக் கெடந்தா புனலுக்குக் காத்து புடிக்காது."

இப்படி ஒரு விதி உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. அப்பா என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கெவினோடு பேசுவதைக் கேட்டார். இந்த நாட்டில் எதற்கும் 'ஸ்வீட் ஆஸ்' என்பார்கள், ரொம்ப நல்லது என்று பொருள். என் வாயிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் நாள் அப்பா கேட்டே விட்டார்:

"எதுக்கெடுத்தாலும் ஸ்வீட்டு ஸ்வீட்டுங்குற. வந்ததுலருந்து ஒரு லட்டையோ மிச்சர் பொட்டலத்தையோகூட நான் காணலயே?"

5

வியாழக்கிழமை விடிகாலை. இருட்டு. நான் கொட்டகையில், கறப்பவர்கள் நிற்கும் பள்ளத்துக்குள் நின்று மாடுகளுக்குக் கிண்ணம் மாட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ப் பக்கம் கெவின். திடீரென்று வானத்திலிருந்து ஒரு குரல்.

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ."

அது எனக்குத் தெரிந்த குரல்.

"அகரத்தைச் சேர்ந்த அந்தோணி மகன் லூர்துராஜ் எங்கிருந்தாலும் உடனடியாக மைக் செட் அருகில் வரவும். லூர்துராஜ் எங்கிருந்தாலும் மைக் செட் அருகில் வரவும். மாவு பொங்கி வழிகிறது. கரண்டுப் பெட்டியை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது."

மாடுகள் ஒரே நேரத்தில் உதைத்தன. நாலு செட் கிண்ணங்கள் தரையில் விழுந்து 'புஸ்' என்று காற்றை உறிஞ்சின. கெவின் முகத்தில் பால். அவர் மெதுவாக என்னைப் பார்த்தார்.

"அது யார்?"

"என் அப்பா."

"என்ன சொல்கிறார்?"

"என்னை வீட்டுக்கு வரச் சொல்கிறார்."

"போனில் சொல்லலாமே?"

என் போன் சட்டை மாட்டும் ஆணியில் சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஏழு தரம் அழைத்திருக்கிறார். குளிரில் மாவு பொங்கமாட்டேன் என்கிறது என்று நான் புலம்பியதைக் கேட்டு, சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் பானையை வைத்திருக்கிறார். அந்தச் சூட்டில் ஒரு வருடத்து மாவும் சேர்ந்து பொங்கிவிட்டது போல. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்து, மாவை வழித்து, திரும்பி ஓடிவந்தேன். கெவின் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போனார். படிவத்தைப் பற்றிய பேச்சே இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்துக்கொண்டே அப்பா உற்சாகமாகச் சொன்னார்: "பெர்மிஷன் வாங்கிட்டேன்லே."

நான், "சரிப்பா" என்றேன்.

இந்த 'சரிப்பா'வுக்காக என்னை நீங்கள் திட்டலாம். ஆனால் மைக் செட் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மைக் கட்டவேண்டுமென்றால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கவேண்டும். "பெர்மிஷன் வாங்கிட்டேன்" என்பது எங்கள் வீட்டில் தினமும் கேட்கும் சத்தம், "பால் வந்துருச்சு" என்பது மாதிரி. காதில் விழும், உள்ளே போகாது. எனக்கு மனசெல்லாம் அந்தக் கையெழுத்தில் இருந்தது.

நடந்தது என்னவென்றால், பக்கத்துப் பண்ணைக்காரர் புகார் சொல்லி, மத்தியானம் நான் இல்லாதபோது சத்தக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். புனலைக் காட்டி ஏதோ பேசி, ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவருக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். அதிகாரியும் குடித்துவிட்டுச் சிரித்துக் கைகுலுக்கிப் போயிருக்கிறார்.

தாளில் அப்பாவுக்குப் படிக்க முடிந்தது ஒன்றே ஒன்று: எழுபத்திரண்டு மணி நேரம்.

முப்பது வருடமாக அதிகாரிகள் அவருக்கு மைக் சம்பந்தமாகத் தந்த தாளெல்லாம் அனுமதித் தாள்தான். எழுபத்திரண்டு மணி நேரம் என்றால் மூன்று நாள். மூன்று நாள் என்றால் திருவிழா. அப்பா என்னிடம் பிறகு சொன்னது: "அருமையான ஊருலே. நம்ம ஊருல ஒரு நாளைக்கு வாங்கவே நாலு நடை நடக்கணும். இங்க வீட்டுக்கு வந்து, கேக்காமயே மூணு நாளைக்குக் குடுத்துட்டுப் போறாய்ங்க."

அடுத்த மூன்று நாளைக்கு மூச்சுவிடாதே என்று அதில் எழுதியிருந்தது.

6

வெள்ளி, விடிகாலை நாலரை. சரியாக நாலரை. விசேஷத்தன்று நாலரைக்குப் போடாவிட்டால் அது மைக் செட்டே இல்லை.

முதலில் மாதா பாட்டு. அது முடிந்து நாதஸ்வரம். அப்புறம் அப்பாவின் குரல், திருவிழாக் குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு, எதிரொலி வந்து சேர்ந்தபிறகு அடுத்த சொல்:

"அன்பார்ந்த... பெரியோர்களே... தாய்மார்களே! அகரம் அந்தோணி, செல்வமேரி தம்பதியரின் அருந்தவப் புதல்வன்... லூர்துராஜ்... நியூசிலாந்து நாட்டுக்கு வருகை தந்த... ஓராண்டு நிறைவு விழா! இன்று முதல் மூன்று நாட்கள்! வருக! வருக! என..."

கொட்டகை முற்றத்தில் கறவைக்காக முந்நூறு மாடுகள் நின்றுகொண்டிருந்தன. நேற்றுப்போல உதைக்கும் என்று பயந்தேன். உதைக்கவில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் காதைத் திருப்பின. நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது. முன்னால் நின்ற ஒரு கறுப்பு மாடு கதவை நெஞ்சால் தள்ளியது. கொக்கி விட்டுப்போனது. அவ்வளவுதான். முந்நூறும் வரிசையாக, நிதானமாக, அழைப்பிதழ் வாங்கியவர்கள் போல என் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கின.

நானும் கெவினும் பின்னால் ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. தொட்டிக் கோபுரத்தைச் சுற்றி மாடுகள் கழுத்தை நீட்டி, வாயை அசைபோட்டபடி, மேலே பார்த்து நின்றன. ஏணியின் பாதியில் வேட்டியும் என் குளிர்ச் சட்டையுமாக அப்பா, கையில் மைக். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏலே ராசு," என்றார், மைக்கை அணைக்க மறந்து. பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. "முப்பது வருசத்துல இம்புட்டுக் கூட்டம் எனக்குக் கூடுனதில்லலே!"

அடுத்த அரை மணி நேரத்தில் அந்த அதிகாரி வந்தார். இந்த முறை டீ குடிக்கவில்லை. புனலைக் கழற்றச் சொன்னார், ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துக்கொண்டார், ரசீது கொடுத்தார். அப்பா முதலில் நேற்றுப்போலவே இரண்டு கையால் வாங்கினார். பிறகு புனல் வண்டிக்குள் ஏறுவதைப் பார்த்தார். பறிமுதல் எந்தப் பாஷையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

கெவின் என்னிடம் இரண்டே வாக்கியம் சொன்னார். "மாடுகளைத் திருப்பு. மீதியைப் பிறகு பேசுவோம்."

அந்த 'மீதி' என்னவென்று எனக்குத் தெரியும். பதினோரு பக்கம்.

அப்பாவிடம் அன்றுதான் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை. எல்லாம் செட் ஆகிவிட்டது என்றுதானே ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கையிலிருந்த ரசீதை நாலாக மடித்தார்.

"அந்த ஆளு கையெழுத்துப் போடலேன்னா?"

"உங்க கூடவே வாரேன்."

"இத முன்னாடியே சொல்லிருந்தா நான் புனலைக் கட்டிருக்கவே மாட்டேனேலே." கொஞ்சம் யோசித்து, நியாயமாக, "கட்டிருப்பேன். போட்டிருக்க மாட்டேன்" என்றார்.

7

அப்பாவின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மைக் செட்டால் ஒரு விசேஷம் கெட்டுப்போனால், தாலி கட்டும்போது ஸ்பீக்கர் ஊளையிட்டால், துக்க வீட்டில் தவறிப்போய்க் குத்துப் பாட்டு ஓடிவிட்டால், அப்பா வாயால் மன்னிப்புக் கேட்கமாட்டார். அந்த வீட்டில் மிச்ச வேலை என்ன இருக்கிறதோ அதை எடுத்துச் செய்வார். பாத்திரம் கழுவுவார், நாற்காலி அடுக்குவார். வேண்டாமென்றாலும் விடமாட்டார். கடைசியில் அந்த வீட்டுக்காரர்களே பாவப்பட்டு, "சரி அந்தோணி, போதும், போய்ச் சாப்பிடு" என்பார்கள். அதோடு கணக்குத் தீர்ந்தது.

வெள்ளி பிற்பகல் கறவைக்கு நான் போனபோது பின்னாலேயே அப்பாவும் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, என் பழைய ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. நேராகப் போய்த் தண்ணீர்க் குழாயை எடுத்துச் சாணியை அடித்துத் தள்ளத் தொடங்கினார். கெவின் என்னைப் பார்த்தார். "எங்கள் ஊர்ப் பழக்கம்" என்றேன். வேறு எப்படி விளக்குவது?

கழுவி முடித்ததும் அப்பா அந்த நீளக் குழாயைச் சுருட்டினார். ஸ்பீக்கர் ஒயர் சுற்றிச் சுற்றிப் பழகிய கை. எட்டு வடிவத்தில், ஒரு முறுக்கு இல்லாமல், கோலம் மாதிரி சுவரில் ஏறி உட்கார்ந்தது. கெவின் அருகில் போய் அதைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் குழாயை அவர் பத்து வருடமாக உதைத்துத்தான் வழிவிட வைத்திருக்கிறார். போகும்போது அப்பாவுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

அப்பா போகவில்லை. சுவரோரம் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே ராசு. உம் பேரு போட்ட காயிதம் ஒண்ணு ஆணியில தொங்குதே, என்னது அது?"

"என் பேரா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விசாவுக்கு உன் லெட்டரை நூறு தரம் பாத்திருக்கேன். உம் பேரு இங்கிலீசுல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

கன்றுக்குட்டிகளுக்கு மருந்து கொடுத்த தேதிகளை எழுதி மாட்டும் ஆணி அது. நான் தினமும் போனைத் தொங்கவிடும் ஆணிக்கு அடுத்த ஆணி. மருந்து அட்டைக்குப் பின்னால் பாதி மறைந்து பதினோரு பக்கம். ஓரத்தில் சாணித் துளி. கடைசிப் பக்கத்தில் கெவினின் கையெழுத்து. தேதி, திங்கள்கிழமை.

கெவினிடம் ஓடினேன்.

"திங்கட்கிழமையே போட்டுவிட்டேனே," என்றார் அவர், ஆச்சரியத்தோடு. "ஆணியில் மாட்டினேன். முக்கியமானதெல்லாம் ஆணியில்தானே இருக்கும்? நீ பார்க்கவில்லையா?"

நாலு நாள். நாலு நாளாக நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணியைப் பார்க்கவில்லை.

"அப்படியானால் காலையில் நடந்தது? மீதியைப் பேசுவோம் என்றீர்களே?"

"அது வேறு. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலி முழுக்க நீதான் சரி பண்ணவேண்டும்." பிறகு தயங்கி, "சரி, உன் அப்பா மைக்கில் என்னதான் சொன்னார்?" என்று கேட்டார்.

மொழிபெயர்த்தேன். பெரியோர்கள், தாய்மார்கள், ஓராண்டு நிறைவு, வருக வருக எல்லாம். கெவின் மாடுகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வந்து ஒரு வருடம் ஆகிவிட்டதா? வாழ்த்துகள்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய முப்பது சொல்லில் அது இல்லை. எனக்காகப் புதிதாக எடுத்திருக்கிறார். அப்புறம் அப்பாவிடம் போய் சைகையில் வயிற்றைத் தட்டி, வீட்டுப் பக்கம் கை காட்டினார்.

"என்னலே சொல்றாரு?"

"போதும், வந்து சாப்பிடுங்கன்றாரு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தீந்துச்சு கணக்கு," என்றார்.

அன்று இரவு கெவின் வீட்டில் ஜெல்லி போட்டார்கள். அது செட் ஆகவில்லை. அப்பா இரண்டு கிண்ணம் குடித்தார்.

8

அன்றிரவே அனுப்பிய படிவம் போய்ச் சேர்ந்தது. அனுமதி வந்தது. இன்னும் இரண்டு வருடம். புனலையும் திருப்பித் தந்துவிட்டார்கள். அதை அப்பா கெவினுக்கே கொடுத்துவிட்டுப் போனார். கொட்டகை வாசலில் தொங்குகிறது. ஒயர் இல்லை. இருந்தாலும் அந்தக் கறுப்பு மாடு தினமும் அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வரும்.

போன வாரம் அகரத்தில் திருவிழா. அம்மா ஒரு காணொளி அனுப்பியிருந்தார். மேடை, சீரியல் விளக்கு, பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். கூட்டத்தின் நடுவே அப்பாவின் திருவிழாக் குரல்:

"ஒரு முக்கிய அறிவிப்பு. நமது ஊரைச் சேர்ந்த லூர்துராஜ்... நியூசிலாந்து நாட்டில் செட் ஆகிவிட்டான். நான் நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். முந்நூறு பேர் கூடிய விழாவில்... முதலாளியே கை கொடுத்தார். எனவே, இனிமேல் அவனுக்கு போன் போட்டு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முந்நூறு பேர் என்றதில் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. நிறுத்தப் போனேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஒத்தை ஆளாக இருக்கிறான். ஆகவே... விருப்பமுள்ள பெண் வீட்டார்... மைக் செட் அருகில் வரவும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடியும் நேரத்துக்குச் சரியாக போன் அடித்தது. பின்னணியில் செருப்புத் தேடும் சத்தம். ரீத்தா பெரியம்மா இந்த முறை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மூச்சு வாங்க, ரகசியக் குரலில் சொன்னார்:

"ஏலே அப்பு, மைக் செட்டுக்குப் பக்கத்துல மூணு பேரு நிக்கிறாகடா."